குறைந்த விலை மடிக்கணினி: மாற்ற முடியாததைப் பார்த்து வாங்குங்கள்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகளும் அதன் பின்னால் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிகளும் வெளியானதும் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் பக்கங்களில் பல வீடுகளில் ஒரே கேள்வி எழும். “காக்கா, லெப்டொப் ஒன்று எடுக்கணும். எது எடுத்தா நல்லம்?” சுயாதீன ஊடகவியலாளனாக எந்நேரமும் தோளில் ஒரு மடிக்கணினியோடு திரிவதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மாணவி, இணையவழி வேலை தேடும் இளைஞர், நியமனத்துக்காகக் காத்திருக்கும் பட்டதாரி எனக் கேட்பவர்கள் பலவிதம். அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் வீட்டுச் சேமிப்பின் பெரும்பகுதி. பொருந்தாத ஒன்றை வாங்கிவிட்டால் அடுத்த மாதமே இன்னொன்று வாங்க முடியாது. படிப்பு முடியும் வரை அதனோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

இந்தக் கட்டுரை ஒரு மொடலைச் சிபாரிசு செய்வதற்கானது அல்ல. மொடல்களும் விலைகளும் சில மாதங்களில் மாறிவிடும்; மதிப்பிடும் முறை அப்படி மாறாது. என் முறை எளியது. ஒரு மடிக்கணினியில் பிறகு மாற்றக்கூடியவை எவை, எப்போதுமே மாற்ற முடியாதவை எவை என்று பிரித்துப் பாருங்கள். இருக்கும் பணத்தை முதலில் மாற்ற முடியாதவற்றுக்குக் கொடுங்கள். மற்றவற்றைக் கை வசதிப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் வேலை என்ன?

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் உங்கள் வேலைகளை எழுதுங்கள். என்னுடைய பட்டியல் இது: கட்டுரை எழுதுதல், பேட்டி ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்தல், படங்களைத் தெரிந்து சிறிதாக்குதல், சூம் கூட்டங்கள், ஒரே நேரத்தில் பதினைந்து இருபது இணையப் பக்கங்கள். மாதத்தில் இரண்டு முறையாவது கொழும்புப் பயணம். பெரும்பாலான மாணவர்களின், அலுவலக ஊழியர்களின் பட்டியலும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

இந்த வேலைகளுக்கு விலையுயர்ந்த கிராபிக்ஸ் அட்டை தேவையில்லை. காணொளித் தொகுப்பு, பொறியியல் வரைபடம், விளையாட்டு என்று வந்தால் கணக்கு வேறு. அவை இந்த விலையில் திருப்தியாக நடக்காது என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்வது நல்லது.

மாற்ற முடியாதவை

முதலாவது செயலி. மடிக்கணினியில் அது பலகையோடு ஒட்டப்பட்டிருக்கும். பிறகு மாற்ற வழியில்லை. “ஐ3”, “ஐ5”, “ரைசன் 3” என்ற ஸ்டிக்கரை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதன் பின்னால் வரும் இலக்கத்தில்தான் விடயம் இருக்கிறது. இன்டெல் கோர் ஐ5-8250யூ என்றால் எட்டாம் தலைமுறை. ஐ3-1215யூ என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. பிந்தைய ஐ3 முந்தைய ஐ5 ஐ விட வேகமானது. ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். 7320யூ என்பதில் உள்ள “2”, அது ஸென் 2 என்ற 2019 ஆம் ஆண்டு வடிவமைப்பில் செய்யப்பட்டது என்பதைச் சொல்கிறது. 7330யூ என்றால் அதற்கு அடுத்த ஸென் 3. அன்றாட வேலைக்கு 7320யூ போதும். ஆனால் “7000 வரிசை, புத்தம் புதியது” என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

மிகக் குறைந்த விலையில் வரும் செலரோன் என்4020 போன்றவை இரண்டு கோர்கள் மட்டுமே கொண்டவை. சூம் கூட்டத்தில் இருந்துகொண்டே குறிப்பெடுக்க முயன்றால் மூச்சு வாங்கும். அந்த வரிசையில்தான் வாங்க முடியும் என்றால், 2023 இல் வந்த நான்கு கோர் என்100 ஆவது இருக்கட்டும்.

இரண்டாவது ரேம். சில மொடல்களில் ரேமைக் கழற்றி மாற்றலாம். பலவற்றில் அது பலகையில் ஒட்டியே வருகிறது. ஒட்டியது என்றால் வாங்கும் அன்று இருக்கும் அளவுதான் கடைசி வரை. 4 ஜிகாபைட் இன்று போதாது. விண்டோஸும் ஓர் உலாவியும் சேர்ந்தே அதைத் தின்றுவிடும். 8 ஜிகாபைட் குறைந்தபட்சம். ரேம் ஒட்டியதாக இருந்து, ஐந்து வருடம் வைத்திருக்கும் எண்ணமும் இருந்தால் 16 ஐத் தேடுங்கள். “ரேமுக்கு வெற்று ஸ்லொட் இருக்கா?” என்பதுதான் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

மூன்றாவது திரை. அதை மாற்றலாம்தான், ஆனால் செலவைப் பார்த்தால் மாற்ற முடியாதவற்றோடு சேர்ப்பதே சரி. தமிழில் எழுதுபவர்கள் இதில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். நம் எழுத்துகளில் சுழிகள் அதிகம், மேலே புள்ளி, பக்கத்தில் கொம்பு. 1366 க்கு 768 புள்ளிகள் கொண்ட பழைய வகைத் திரையில் சிறிய அளவில் “ன”, “ண” இரண்டும் மங்கிப்போய் எழுத்துப் பிழை கண்ணுக்குத் தப்பிவிடும். 1920 க்கு 1080 என்பதற்குக் கீழே போகாதீர்கள். ஐபிஎஸ் வகைத் திரையா என்றும் கேளுங்கள். திரையைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தால் நிறம் கருகி மாறுவது மலிவான டிஎன் வகை.

நான்காவது எடை. 15.6 அங்குலத் திரை கொண்ட குறைந்த விலை மடிக்கணினிகள் பலவும் 1.6 முதல் 1.8 கிலோகிராம் வரை வரும். கடையில் கையில் தூக்கிப் பார்க்கும்போது அது பாரமாகத் தெரியாது. சார்ஜர், மவுஸ், புத்தகம், தண்ணீர்ப் போத்தல் எல்லாம் சேர்ந்து பஸ் நிலையத்தில் அரை மணி நேரம் நிற்கும்போதுதான் தெரியும். தினமும் பயணம் செய்பவருக்கு 14 அங்குலம் போதும் என்பது என் அனுபவம். வீட்டு மேசையிலேயே வைத்து வேலை செய்பவருக்கு 15.6 கண்ணுக்கு வசதி.

மாற்றக்கூடியவை

சேமிப்பகம் மாற்றக்கூடியது. இன்று பெரும்பாலானவற்றில் எம்.2 வகை எஸ்எஸ்டி உண்டு. 256 ஜிகாபைட்டோடு வாங்கிப் பிறகு பெரிதாக்கலாம். ஆனால் மிகவும் மலிந்தவற்றில் எஸ்எஸ்டிக்குப் பதிலாக இஎம்எம்சி என்ற வகை ஒட்டியே வரும். அது மெதுவானது. 64 ஜிகாபைட் இஎம்எம்சி என்றால் விண்டோஸ் புதுப்பிப்புகளுக்கே இடம் தேட வேண்டிவரும். அதைத் தவிருங்கள்.

பெட்டரி, விசைப்பலகை, சார்ஜர், மின்விசிறி ஆகியனவும் மாற்றக்கூடியவையே. ஆனால் உதிரிப்பாகம் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. வாங்கும் முன் நீங்கள் நம்பும் திருத்துநர் ஒருவரிடம் அந்த மொடலின் பெயரைச் சொல்லி, “இதுக்குக் கீபோர்ட், பெட்டரி எடுக்கலாமா?” என்று கேளுங்கள். அவர் முகம் சுளித்தால் அந்தப் பதிலை விளம்பரத்தை விட அதிகமாக நம்பலாம்.

கல்முனையிலிருந்து கொழும்பு வரை

கல்முனைக்குப் புகையிரதம் இல்லை. ரயிலில் போக வேண்டுமானால் சுமார் 40 கிலோமீற்றர் வடக்கே மட்டக்களப்புக்குப் போக வேண்டும். ஆகவே கொழும்புக்கு ஏறத்தாழ 350 கிலோமீற்றர் தூரத்தைப் பெரும்பாலானோர் இரவு பஸ்ஸில்தான் கடக்கிறோம். எல்லா பஸ்ஸிலும் மின் இணைப்பு இருக்கும் என்று நம்ப முடியாது. பயணத்துக்குப் பெட்டரி முக்கியம் என்பது இதனால்தான்.

“பத்து மணித்தியாலம் நிற்கும்” என்ற விளம்பர வரியைப் பார்க்காதீர்கள். பெட்டரியின் கொள்ளளவு எத்தனை வாற்-மணி என்று பாருங்கள். எழுத்து வேலை, மங்கலான வெளிச்சம், வைஃபை எனச் சாதாரணமாகப் பாவித்தால் ஒரு சிறு மடிக்கணினி 7 முதல் 10 வாற் வரை எடுக்கும். 42 வாற்-மணிப் பெட்டரியை 8 ஆல் வகுத்தால் ஐந்து மணித்தியாலத்துக்குச் சற்று மேல். இரண்டு வருடத்தில் பெட்டரி தேய்ந்து முக்கால்வாசி ஆகும்போது அது நான்கு மணித்தியாலமாகும். இந்தக் கணக்கைக் கடையிலேயே போட்டுவிடலாம்.

யூஎஸ்பி-சி துளை வழியாகச் சார்ஜ் ஆகுமா என்பதையும் பாருங்கள். எல்லா யூஎஸ்பி-சி துளைகளும் சார்ஜ் எடுப்பதில்லை. விற்பவரைச் செருகிக் காட்டச் சொல்லுங்கள். ஆகும் என்றால் ஒரே 65 வாற் சார்ஜரில் தொலைபேசியும் கணினியும் ஓடும், பையில் ஒரு சுமை குறையும். பொருத்தமான பவர் பேங்க்கும் உதவும். 20,000 மில்லிஅம்பியர்-மணிப் பவர் பேங்க் 74 வாற்-மணிக்குச் சமம். மாற்றத்தில் கொஞ்சம் வீணாகினாலும் 42 வாற்-மணிப் பெட்டரியை ஒரு முறை நிரப்பப் போதும்.

விமானத்தில் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 100 வாற்-மணி வரையான லித்தியம் பெட்டரிகளைக் கைப்பொதியில் கொண்டு செல்லலாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. பவர் பேங்க்கைக் கைப்பொதியில்தான் வைக்க வேண்டும், பெரிய பெட்டியில் போடக் கூடாது.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். அந்த நெருக்கடி தணிந்த பிறகும், 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியது. பெட்டரி நன்றாக உள்ள மடிக்கணினி இருந்தால் மின்தடை நேரத்திலும் வேலை தொடரும். ரவுட்டருக்குச் சிறிய யூபிஎஸ் ஒன்றும் வைத்துக்கொண்டால் கூட்டத்தின் நடுவில் தொடர்பு அறாது.

புதியதா, பாவித்ததா?

ஏறக்குறைய ஒரே தேவைக்காகப் பார்க்கப்படும் இரண்டு இயந்திரங்களை ஒப்பிடுவோம். ஒன்று, 2023 இல் வந்த அசுஸ் விவோபுக் கோ 15. ரைசன் 3 7320யூ செயலி, 15.6 அங்குல முழு எச்டி திரை, 42 வாற்-மணிப் பெட்டரி, 1.63 கிலோகிராம். ரேம் ஒட்டியது, எஸ்எஸ்டியை மாற்றலாம். மற்றது, 2018 இல் வந்த லெனோவோ திங்க்பேட் டி480. வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்தபின் சந்தைக்கு வரும் வகையைச் சேர்ந்தது. 14 அங்குலம், சுமார் 1.6 கிலோகிராம், ரேமுக்கு இரண்டு ஸ்லொட், யூஎஸ்பி-சி சார்ஜ். உள்ளே ஒரு பெட்டரி, பின்னால் கையால் கழற்றக்கூடிய இன்னொரு பெட்டரி. கணினியை நிறுத்தாமலே பின் பெட்டரியை மாற்றலாம்.

நான்கு கோர், எட்டு திரெட் கொண்ட ஐ5-8250யூ உள்ள டி480, எழுத்து, இணையம், கூட்டம் என்ற அளவில் புதிய விவோபுக் கோவுக்குப் பெரிதாகப் பின்தங்காது. விசைப்பலகையும் உடலும் உறுதியானவை, திருத்துவதும் எளிது. ஆனால் கம்பனி உத்தரவாதம் முடிந்திருக்கும். பெட்டரி தேய்ந்திருக்கும். திரை 1366 வகையாகவும் இருக்கலாம், முழு எச்டியாகவும் இருக்கலாம்; அதே பெயரில் இரண்டும் வந்தன. புதியதில் உத்தரவாதமும் புதிய பெட்டரியும் உண்டு. ரேமில் மட்டும் கை கட்டப்பட்டிருக்கும்.

என் முடிவு இப்படி. பாவித்த கணினியைச் சோதித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் கூட இருந்தால், அதே பணத்துக்குப் பாவித்த அலுவலக வகை அதிகம் உழைக்கும். அப்படி யாரும் இல்லை என்றால் உத்தரவாதத்தோடு புதியதை வாங்குவதே நிம்மதி.

பாவித்ததில் ஓர் எல்லைக்கோடு உண்டு. விண்டோஸ் 10 இற்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஐ முறையாக நிறுவ இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும், டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும் வேண்டும். அதனால்தான் ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் மலிந்து கிடக்கின்றன. லினக்ஸ் பாவிக்கத் தயார் என்றால் அவற்றிலும் நல்லவை உண்டு. இல்லையென்றால் எட்டுக்குக் கீழே போகாதீர்கள்.

வளைகுடாவில் இருந்து உறவினர் கொண்டுவரும் கணினி நம்மூரில் புதிதல்ல. டுபாயிலும் கட்டாரிலும் இங்கு உள்ளதைப் போன்ற தட்டை மூன்று முனைச் செருகிதான். அதில் சிக்கல் இல்லை. விசைகளில் அரபு எழுத்தும் இருக்கும். அதனால் தட்டச்சுக்குக் குறையேதும் இல்லை. ஆனால் உத்தரவாதம் இலங்கையில் செல்லுமா என்பதை அங்கே பில் போடும்போதே கேட்டு எழுதி வாங்கச் சொல்லுங்கள்.

உப்புக் காற்றும் ஈரமும்

கடலில் இருந்து சில நூறு மீற்றருக்குள் வாழ்கிறோம். உப்பு கலந்த ஈரக் காற்று மின்விசிறி வழியாக உள்ளே போய், தூசியோடு சேர்ந்து படியும். உலோக முனைகளை அரிக்கும். ஜன்னல் பக்கம் திறந்தபடி வைக்காமல், வேலை முடிந்ததும் மூடிப் பைக்குள் வையுங்கள். வருடத்துக்கு ஒரு முறை உள்ளே துப்புரவு செய்யக் கொடுங்கள்.

ஏசி பஸ்ஸில் வந்து அதிகாலையில் இறங்கியதும் கணினியைத் திறக்காதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் கரையோர ஈரக் காற்று பட்டதும் நீர் படியும், குளிர்ந்த போத்தலில் வியர்ப்பது போல. பையை மூடியபடியே அரை மணி நேரம் விட்டுவிட்டுத் திறந்தால் போதும். மாரி காலத்தில் பைக்குள் ஒரு தடித்த பொலித்தீன் உறையும் இருக்கட்டும்.

உலோக உடல் கொண்ட கணினியைச் சார்ஜில் போட்டிருக்கும்போது கையில் மெல்லிய அதிர்வு தெரிந்தால் ஏர்த் இணைப்பைச் சோதியுங்கள். மூன்று முனைச் சார்ஜரை ஏர்த் உள்ள துளையில் செருகினால் பெரும்பாலும் அது நின்றுவிடும்.

கடையில் அரை மணி நேரம்

அவசரப்படாமல் இவற்றைச் செய்து பாருங்கள்.

• உலாவியைத் திறந்து பத்துப் பக்கங்களை ஏற்றி, ஒரு காணொளியையும் ஓடவிட்டு, அப்படியே தமிழில் நான்கு வரி எழுதுங்கள். எழுத்துகள் விரலுக்குப் பின்னால் வருகின்றனவா என்று பாருங்கள். விண்டோஸிலேயே தமிழ் ஒலிப்பு விசைப்பலகை உண்டு. பாமினி முறையில் பழகியவர்கள் அதற்கான மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டு போகலாம்.

• ஒவ்வொரு விசையையும் ஒரு முறை அழுத்துங்கள். கமரா, ஒலிவாங்கி, ஒலிபெருக்கி, ஒவ்வொரு யூஎஸ்பி துளை எல்லாவற்றையும் சோதியுங்கள்.

• உங்கள் தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டோடு இணைத்து, ஐந்தாறு மீற்றர் தள்ளி நின்றும் தொடர்பு நிற்கிறதா என்று பாருங்கள்.

• முழு வெள்ளை, முழுக் கறுப்புப் படங்களைத் திரையில் போட்டுப் புள்ளிகள், கறைகள் தேடுங்கள். திரையை ஒரு கையால் திறந்து மூடி, மூட்டு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

• பாவித்தது என்றால் “பெட்டரி ரிப்போர்ட்” எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸே தரும் அறிக்கை அது. அதில் வடிவமைப்புக் கொள்ளளவும் இப்போதைய முழுக் கொள்ளளவும் இருக்கும். 50,000 என்று இருந்தது 30,000 ஆகியிருந்தால் அறுபது சதவீதம்தான் மிச்சம். புதிய பெட்டரியின் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள்.

• பயோஸ் கடவுச்சொல் கேட்கிறதா, முந்தைய நிறுவனத்தின் பெயரோடு உள்நுழைவுப் பக்கம் வருகிறதா என்று பாருங்கள். அப்படி வந்தால் அந்தக் கணினி இன்னும் அந்த நிறுவனத்தின் பிடியில் இருக்கிறது, வாங்காதீர்கள்.

• தொடர் இலக்கம் எழுதிய பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

விலையைப் படிப்பது

2024 ஜனவரி 1 முதல் வற் வரி 18 சதவீதம். சொல்லப்படும் விலை வரியோடா, வரியின்றியா என்று முதலில் கேளுங்கள். தவணை முறையில் எடுப்பதாக இருந்தால், மாதத் தொகையைத் தவணைகளின் எண்ணிக்கையால் பெருக்கி, கைக்காசு விலையோடு ஒப்பிடுங்கள். “வட்டியில்லை” என்று எழுதியிருந்தாலும் கைக்காசுக்கு ஒரு விலை, தவணைக்கு ஒரு விலை என்று இருக்கலாம். சேவைக் கட்டணம் என்ற பெயரிலும் ஏதாவது சேரலாம். வட்டியைத் தவிர்க்க விரும்பும் குடும்பங்கள் இந்த வித்தியாசத்தை விளங்கிக்கொண்ட பிறகே கையெழுத்திடுவது நல்லது.

உத்தரவாதம் கம்பனியுடையதா, கடையுடையதா? பழுதானால் கல்முனையில் ஒப்படைத்தால் போதுமா, கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா? அனுப்பும் செலவு யாருடையது? பெட்டரிக்கும் சார்ஜருக்கும் எத்தனை மாதம்? இந்தக் கேள்விகளுக்கு வாய்ப்பேச்சில் அல்ல, பில்லில் பதில் வாங்குங்கள்.

பிறகு வருடக் கணக்கைப் போடுங்கள். 90,000 ரூபாவுக்கு வாங்கியது இரண்டு வருடத்தில் திணறி நின்றால் வருடத்துக்கு 45,000. 150,000 ரூபாவுக்கு வாங்கி, இடையில் பெட்டரிக்கும் ரேமுக்கும் 30,000 செலவழித்து ஆறு வருடம் ஓடினால் வருடத்துக்கு 30,000. மலிவானது எது என்பதை விலைத் துண்டு சொல்லாது.

இறுதியாக ஒரு விடயம். கணினிக்குள் இருப்பவற்றை எந்தத் திருத்துநராலும் மாற்றித் தர முடியாது. 2004 டிசம்பர் 26 இல் சான்றிதழ்களையும் குடும்பப் படங்களையும் கடலுக்குக் கொடுத்த வீடுகள் நம் கரை நெடுகிலும் இருக்கின்றன. 2024 நவம்பர் வெள்ளத்திலும் தண்ணீர் வீடுகளுக்குள் வந்தது. ஆய்வுக் கட்டுரை, சான்றிதழ்ப் பிரதி, படங்கள் ஆகியவற்றின் ஒரு பிரதி இணையச் சேமிப்பிலும், இன்னொன்று உறவினர் வீட்டில் ஒரு வெளி டிஸ்க்கிலும் இருக்கட்டும். மடிக்கணினிக்கு ஒதுக்கிய பணத்தில் அந்த டிஸ்க்கின் விலையையும் ஆரம்பத்திலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.